அட்டை வைக்காத பூ

இன்று காலை உன் அட்டை என் கடைக்கு வந்தது.

உள்ளங்கை அகலம், சந்தன நிறம், ஓரத்தில் மெல்லிய பச்சைக் கோடு. இதே கடையின் ஸ்டூலில் உட்கார்ந்து நாலு வாசகம் எழுதி, நாலையும் அடித்துவிட்டு, ஐந்தாவதாக நீ எழுதிய வரிதான் நடுவில் அச்சாகியிருந்தது: 'உங்கள் நினைவில் நாங்களும்.' அதன் கீழே கம்பெனி பெயர். யாருடைய படத்துக்கு மாலை போகிறதோ அவர் பெயரைப் பேனாவால் எழுத மேலே ஓர் இடம் விட்டிருப்போமே, அங்கே உன் பெயர் இருந்தது.

கொண்டுவந்தவள் திவ்யா. விழுப்புரம் ஆபீசில் உன் நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். பஸ்ஸில் வந்த அலுப்போடு, நான் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் விஷயத்தைச் சொன்னாள்.

"வெள்ளிக்கெழம மேடத்தோட மொத வருஷத் திதிங்க. அவங்க வூட்டுக்காரரு கோலியனூர் பக்கத்துல ஒரு ரைஸ் மில்லு வாங்கி இருக்காரு. மெஷினெல்லாம் புதுசா மாத்தப் போறாராம். எங்க கம்பெனி சார்புல மேடம் படத்துக்கு ஒரு மாலை போனா நல்லா இருக்கும்னு பெரிய சார் சொல்லிக்கினு இருக்காருங்க."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மில் மில்லாகப் போய் செத்தவர் படத்தைக் கண்ணால் அளந்துவிட்டு வந்தவள் நீ. இப்போது உன் படத்தை அளந்துவிட்டு வந்திருக்கிறாள் ஒருத்தி. 'ஒன்றரை அடிக்கு ஒரு அடி' என்று செல்போனில் குறித்துக்கூட வைத்திருந்தாள். சிரிப்பு அடங்கியதும் பழைய எரிச்சல் ஏறியது. அவள் இன்னொன்றும் கேட்டாள். அதைப் பிறகு சொல்கிறேன். நாலு வருஷமாகச் சேர்ந்து கிடப்பதை முதலில் இறக்கி வைக்க வேண்டும்.

நமக்குள் பழக்கம் கல்லூரியில் தொடங்கியது. ஒரே பெஞ்சு, ஒரே டிபன் பாக்ஸ். படிப்பு முடிந்ததும் நான் திண்டிவனத்திலேயே தங்கி அப்பாவின் பூக்கடையில் உட்கார்ந்தேன். நீ ஏதேதோ வேலைக்குப் போய், கடைசியில் விழுப்புரத்தில் ரைஸ் மில் மெஷின் விற்கும் கம்பெனியில் சேர்ந்தாய். நெல் அவிக்கும் பாய்லரையும் கறுப்பரிசி பிரிக்கும் மெஷினையும் ஒரு பொம்பளை வந்து விற்பதா என்று சிரித்த மில்காரர்களை ஒவ்வொருவராக மடக்கினாய். எனக்கு உன்மேல் பெருமையாக இருந்தது. அதை மறுத்தால் இந்த மடல் பொய்யாகிவிடும்.

புது வருஷத்துக்கு இருபது மில்லுக்குப் பொக்கே அனுப்ப வேண்டும் என்று நீ வந்து நின்ற நாள் ஞாபகம் இருக்கிறது. எனக்கு அதுவரை மாலையும் சரமும்தான் தெரியும். ஓசூரிலிருந்து பெட்டியில் ஜெர்பராப் பூ வரவழைத்து, பச்சை ஸ்பாஞ்சை வெட்டி, கண்ணாடித்தாள் சுற்றி, ரிப்பன் கட்டி, கையெல்லாம் முள் குத்தி இருபதையும் செய்து கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாய்.

"ஒண்ணு தவிட்டு மூட்ட மேல கெடக்குதுடி கோமதி. இன்னொருத்தரு எங்கிட்டயே கேக்கறாரு, 'தலைல வெக்கவும் முடியல, சாமிக்குப் போடவும் முடியல, இத இன்னாம்மா பண்றது'ன்னு. பேஜாரா பூட்ச்சி."

நானும் நீயும் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்து பார்த்தார். சிரித்து முடித்த பிறகு நான்தான் சொன்னேன். எந்த மில்லுக்குப் போனாலும் கல்லாவுக்கு மேலே மில்லை ஆரம்பித்தவர் படம் மாட்டியிருக்கும், அதில் சந்தனச் சீவல் மாலை தூசி படிந்து தொங்கும். அந்தப் படத்துக்கு, அவர் திதி அன்று, நல்ல பூவில் ஒரு மாலை அனுப்பிப் பாரேன் என்றேன். நீ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாய்.

முதல் மாலை ஒலக்கூர் பக்கம் ஒரு மில்லுக்குப் போனது. அதிலேயே ஒரு தப்பு. படத்தில் எழுதியிருந்த தேதியைப் பார்த்து அனுப்பினோம். "எங்களுக்குத் தேதி கணக்கு கெடையாதும்மா, திதிதான்" என்று மில்காரர் சொல்லி அனுப்பினார். ஆனாலும் மாலையை வாங்கிப் படத்துக்குப் போட்டுவிட்டார். அதற்கப்புறம் நான் வருஷத் தொடக்கத்திலேயே பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, என் தினசரி காலண்டரில் ஒவ்வொரு மில்லுக்கும் திதி விழும் நாளைப் பார்த்துச் சிவப்பு வட்டம் போட்டு வைப்பேன். அளவை நீ சொல்வாய், பூவை நான் முடிவு செய்வேன். கூட்டேரிப்பட்டு மில்காரர் தன் அப்பா படத்துக்கு வந்த மாலையைப் பார்த்து உன் எதிரிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டதைச் சொல்ல நீ அன்று மத்தியானமே ஓடி வந்தாய்.

"பொக்கே குடுத்தா நின்னுக்கினே கை குலுக்கறாங்கடி. மாலை குடுத்தா ஒக்கார வெச்சி காப்பி குடுக்கறாங்க."

இதைப் பிறகு உன் கம்பெனி மீட்டிங்கில் எல்லாம் சொன்னாயாம். யோசனை யாருடையது என்று சொன்னாயா தெரியாது. அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. வருத்தம் வேறு.

பூக்கடைக்காரிக்குத் தெரிந்துபோகும் விஷயங்கள் உண்டு. யார் வீட்டில் சாவு, யார் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள், யார் யாரிடம் சமாதானமானார்கள், எல்லாம் பூ வாங்கும்போதே தெரிந்துவிடும். அப்பா ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தார். பூ யாருக்கு என்று வாங்குகிறவர் தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும், நாமாகக் கேட்கக் கூடாது, கேட்டதை அந்தப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. உனக்கும் அது தெரியும். ஏனென்றால் நீயே வருஷத்தில் ஒரு நாள் ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு போவாய். அட்டை இல்லை, கம்பெனி பெயர் இல்லை. ஆறாவதோ ஏழாவதோ வருஷம், அது யாருக்கு என்று நான் கேட்காமலே சொன்னாய்.

"உங்கிட்ட மட்டுந்தாண்டி சொல்றேன்."

நான் சரத்தை வாழையிலையில் மடித்துக் கொடுத்தேன். அதோடு சரி. மறுபடி அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை.

பெரியவரிடம் வருகிறேன். அவர் பெயரையும் மில் பெயரையும் இங்கே எழுதவில்லை. மற்றதை எழுதலாம், நீ புண்ணியம் கட்டிக்கொண்டதில் அது ஊருக்கே தெரிந்துபோன கதை. விழுப்புரத்துப் பக்கம் பெரிய மில் அவருடையது. உன் கம்பெனி மூன்று வருஷம் ஏறி இறங்கியும் உள்ளே விடாத மில். அவர் மாசி மாதத்தில் ஒரு நாள், டிரைவர் இல்லாமல், தானே காரை ஓட்டிக்கொண்டு என் கடைக்கு வருவார். விழுப்புரத்தில் இல்லாத பூவா? அங்கே எல்லோருக்கும் அவரைத் தெரியும், இங்கே யாருக்கும் தெரியாது. இரண்டு முழம் ஜாதிமல்லி கேட்பார். முதல் தடவை நான் நெருக்கமாகக் கட்ட ஆரம்பித்தபோது தடுத்தார்.

"படத்துக்குப் போடற மாதிரி கட்டாதம்மா. பொண்ணு தலைல வெச்சிக்கற மாதிரி கட்டு."

நாலாவது வருஷம் மழை பிடித்துக்கொண்டது. கடைக்குள் உட்காரச் சொன்னேன். மழை விடும்வரை சொன்னார். மகள். மரக்காணம் பக்கத்தில் கடலுக்குப் போகும் ஒரு பையனைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போனாள். அவரும் மகன்களும் தலை முழுகினார்கள். இரண்டு வருஷத்தில் பிரசவத்தில் போய்விட்டாள். சேதி இவருக்கு வந்து சேர்ந்ததே மாதங்கள் கழித்து. பையன் ஊரை விட்டுப் போய்விட்டான், வீடு பூட்டிக் கிடக்கிறது. அவள் பிறந்த நாளில் இந்தப் பூவைக் கொண்டுபோய் அந்தப் பூட்டில் சுற்றிவிட்டு வருவார். வீட்டில் அவள் படம் கிடையாது, பெயரைச் சொல்வதும் கிடையாது. "இந்த ஒரு நாளு மட்டும் அவ இருக்கற மாதிரி வெச்சிக்கறேம்மா" என்றார். பெயரையும் சொன்னார். அந்தப் பெயரை யாரிடமாவது ஒரு தடவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றுதான் அன்று அவ்வளவும் பேசினார் என்று நினைக்கிறேன்.

இதை நான் உன்னிடம் சொன்னேன்.

முதல் தப்பு என்னுடையது, அதைத் தள்ளிவிட மாட்டேன். அன்றைக்கு மனது தாங்கவில்லை. நீ மத்தியானம் வந்தாய், டீ வாங்கினோம், கண்ணில் தண்ணீரோடு சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்வது வெளியே சொல்வதாக எனக்குத் தோன்றவே இல்லை. நீயும் டீயைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாய். "அய்யோ பாவம்டி அந்த மனுஷன்" என்றாய். "யார்கிட்டயும் வாய் தொறக்க மாட்டேன்" என்றாய். நான் கேட்காமலே சொன்னாய்.

அடுத்த மாசியில், காலையில் பெரியவர் வந்து சரத்தை வாங்கிக்கொண்டு மரக்காணம் போனார். அவர் கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்த அதே நேரத்தில், உன் கம்பெனி வண்டியில் ஒரு மாலை அவர் மில்லுக்குள் போனது. ஆளுயர மாலை. சம்பங்கியும் ரோஜாவும். சந்தன நிற அட்டை. அட்டையில் அந்தப் பெண்ணின் பெயர், பெயருக்கு முன்னால் 'கண்ணீர் அஞ்சலி'. ஆபீசில் கணக்கப்பிள்ளையும் லாரிக்காரர்களும் நின்றிருக்க, பெரிய மகன் கையில் அது போய்ச் சேர்ந்தது. பெரியவர் திரும்பி வந்தபோது மேஜைமேல் கிடந்திருக்கிறது. மகன்கள் எல்லோர் எதிரிலும் கேட்டார்களாம், "இத்தினி வருஷமா எங்க போய்க்கினு வர்ற நீ?" என்று.

அந்த நாளை எப்படித் தெரிந்துகொண்டாய் என்று எனக்கு அப்புறம்தான் விளங்கியது. என் காலண்டரில் சிவப்பு வட்டத்துக்குள் 'ஜாதிமல்லி 2 முழம்' என்று எழுதியிருந்தேன். அதைப் பார்த்துத் திதி என்று முடிவுகட்டிவிட்டாய். பிறந்த நாள் என்பதை நான் சொல்லியிருந்தேன். நான் அழுதுகொண்டே சொன்னதில் அது மட்டும் உன் காதில் விழவில்லை. நம் வழக்கத்தில் வட்டம் போட்ட நாள் என்றால் திதிதான். செத்தவள் உயிரோடு இருக்கிறாள் என்று ஒரு மனுஷன் பிடிவாதமாக வைத்திருந்த ஒரே நாளில், நீ அவளுக்கு அஞ்சலி செலுத்தினாய்.

அதைக்கூட நான் பிழை என்று விட்டிருப்பேன். விட முடியாதது எது தெரியுமா? அந்த மாலையை நீ என்னிடம் வாங்கவில்லை. அத்தனை வருஷத்தில் ஒரு மாலைகூட வேறு கடையில் வாங்காதவள், அதை மட்டும் விழுப்புரத்தில் யாரிடமோ கட்டச் சொன்னாய். என்னிடம் கேட்டால் கட்டித் தரமாட்டேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே செய்தாய். நாலு வருஷமாக நான் சுற்றிச் சுற்றி வந்து நிற்பது இந்த ஓர் இடத்தில்தான்.

மறுநாள் பெரியவர் வந்தார். மழை பெய்த அன்று உட்கார்ந்த அதே ஸ்டூலைக் காட்டினேன். உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து உன் அட்டையை எடுத்து, உதிரிப்பூ கொட்டி வைத்திருந்த தட்டில் வைத்தார். அவர் திட்டியிருந்தால் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் திட்டவில்லை.

"உங்கிட்ட மட்டுந்தாம்மா சொன்னேன்."

அவ்வளவுதான் சொன்னார். காருக்குப் போனார். நான் அட்டையைப் பார்த்தபடி நின்றேன். அதிலிருந்த வரி நான் சரி என்று சொன்ன வரி, அந்த எழுத்து உன் எழுத்து.

உனக்குப் போன் செய்தேன். உன் பதில் எனக்கு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது.

"இன்னாடி இப்ப, கொலையா பண்ணிட்டேன்? நல்லது நெனச்சித்தான் பண்ணேன். அந்தப் பொண்ணு பேர அந்த வூட்ல யாராச்சும் ஒருத்தர் சொல்ல வேணாமா?"

"அத நீ யாருடி சொல்றதுக்கு? அதுவும் மெஷின் விக்கறதுக்கு?"

"ஒரு கஸ்டமரு போனா போறாரு, வுடு. நீ ஏன் இத்தினி பெருசு பண்ற?"

நான் போனை வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு ஆள் வந்து கடை வாசலில் நின்றான். கையில் பொக்கே. ஜெர்பரா, கண்ணாடித்தாள், ரிப்பன். 'நல்லுறவு தொடரட்டும்' என்று அச்சடித்த கம்பெனி அட்டை. பூக்கடைக்காரிக்கே பொக்கே! அதையும் வேறு கடையில் வாங்கியிருந்தாய். ஸ்பாஞ்சு சரியாக நனைக்காததில் ஒரு பக்கத்துப் பூவெல்லாம் கழுத்து சாய்ந்திருந்தது. இருபத்தைந்து வருஷ சிநேகிதத்தில் நானும் உன் வாடிக்கையாளர் பட்டியலில் ஒரு பெயராகிவிட்டேன் என்று அந்த நிமிஷம் பட்டது. பஸ் ஏறி நீயே வந்திருந்தால், வாசலில் நின்று "தப்பு பண்ணிட்டேன்டி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த ஸ்டூலை உனக்கு இழுத்துப் போட்டிருப்பேன். நிஜமாகவே போட்டிருப்பேன்.

நீ வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. அடுத்த மாசியில் அந்த நாளில் ஜாதிமல்லி இரண்டு முழம், தலையில் வைக்கிற மாதிரி நெகிழ்வாகக் கட்டி ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் கட்டினேன். பிறகு அவர் இறந்துவிட்டார் என்று பேப்பரில் பார்த்தேன். அந்தப் பூட்டு எந்தக் குப்பத்தில் எந்த வீட்டில் இருக்கிறது என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் நானே கொண்டுபோயிருப்பேன்.

போன வருஷம் உனக்கு உடம்பு முடியாமல் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தாய் என்று, நீ இறந்த பிறகுதான் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தால் வந்திருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். வந்திருப்பேன், வந்து சண்டை போட்டிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போய்விட்டாய். உன் உடல்மேல் கிடந்த மாலைகளைத் தூரத்திலிருந்து பார்த்தேன். எல்லாம் அவசரத்தில் கட்டியவை, நார் வெளியே தெரிந்தது. அழுகை வரவில்லை. இதை யார் கட்டினார்கள் என்று கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து அந்தக் கோபத்தோடு படுத்து இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. கடையும் திறக்கவில்லை.

இப்போது திவ்யா கேட்டதைச் சொல்கிறேன். அளவெல்லாம் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"நீங்க மேடத்துக்கு ரொம்ப நாளு பிரண்டாமே? அவங்களுக்குப் பர்சனலா எதாச்சும் பூ, எதாச்சும் நாளு... யாருக்கும் தெரியாதது எதாச்சும் இருந்தா சொல்லுங்களேன். அதுல ஒண்ணு செஞ்சா அவங்க வூட்டுக்காரரு மனசு எளகிடுங்க."

உன் குரலிலேயே கேட்ட மாதிரி இருந்தது. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நல்ல பெண், வேலையைத்தான் செய்கிறாள். நீயும் அப்படித்தான் ஆரம்பித்தாய்.

எனக்குத் தெரியும். உன் ஒரு முழம் என்ன பூ, எந்த நாள், யாருக்கு, எங்கே. உன் கணவருக்குத் தெரியாது. தெரிந்தால் அவர் மனசு இளகாது, உடையும். என்னை அந்தப் பெரியவர் முன்னால் ஓட்டைவாய்க்காரியாக்கினாயே, அதற்குப் பதில் கொடுக்க எனக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் இனிமேல் வராது. ஒரு வாக்கியம் போதும். மற்றதை அந்தச் சந்தன நிற அட்டை பார்த்துக்கொள்ளும். ஒரு நொடி, பொய் சொல்ல மாட்டேன், ஒரே ஒரு நொடி அந்த வாக்கியம் என் நாக்கு நுனிக்கு வந்தது.

"எனுக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றேன். "சாமந்தியும் ரோஜாவும் வெச்சி நல்லா கட்டித் தர்றேன். வெள்ளிக்கெழம காலைல ஜல்தி வந்து எடுத்துக்கோ."

அவள் ஏமாற்றத்தோடு போனாள். மாலை கட்டுவேன், நார் தெரியாமல் கட்டுவேன். பணம் கொடுத்து வாங்குகிற மாலை, அதில் குறை வைக்க மாட்டேன். அந்த அட்டையை மட்டும் அவளே செருகிக்கொள்ளட்டும். உன் பெயர் எழுதிய அதை என் கையால் செருக எனக்கு மனம் இல்லை.

நீ ஒரு முழம் பூ வாங்கும் அந்த நாள் இன்னும் ஐந்து வாரத்தில் வருகிறது. காலண்டரில் இந்த வருஷம் வட்டம் போடவில்லை, போட வேண்டிய அவசியமும் இல்லை. என்ன பூ என்று இந்த மடலில்கூட எழுதமாட்டேன். போன வருஷம் அந்த நாள் வந்தபோது நீ செத்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. எனக்குக் கோபம், போகவில்லை. பூ இல்லாமலே அந்த நாள் கழிந்தது. இந்த வருஷமும் கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் ஒரு முழம் கட்டி, வாழையிலையில் மடித்து, பஸ் ஏறுவேன்.

வழியில் யாராவது யாருக்கு என்று கேட்டால் எனக்குத்தான் என்பேன். உனக்காகப் போகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. என்னிடம் மட்டும்தான் சொன்னாய், அதனால் போகிறேன்.